கல் நாட்டியவர் ஒருவர், கட்டிக் காத்தவர் பலர்

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் 1890 மார்ச் 22 அன்று மாகாண கவர்னர் கன்னிமரா பிரபு ஒரு நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியை விட்டு விலகி ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கட்டடம் எழுந்து, 1896 டிசம்பர் 5-ல் கதவு திறந்தபோது திறந்துவைத்தவர் கவர்னர் ஆர்தர் ஹாவ்லாக். ஆனாலும் கல் நாட்டியவர் பெயரே நிலைத்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர் தாங்கிய எத்தனையோ தெருக்கள் பெயர் மாறிவிட்ட சென்னையில், இந்த ஒரு பெயரைக் கேட்டால் கவர்னர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. புத்தகம்தான் வருகிறது.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு முன்னும் பின்னும் இந்த நூலகத்துக்காக உழைத்தவர்களைப் பற்றி அதைவிட அதிகமாகச் சொல்ல வேண்டும்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. இந்தியாவை ஆளப்போகும் இளைஞர்களைப் பழக்குவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹெய்லிபரியில் ஒரு கல்லூரி நடத்தியது. மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ் அங்கே பேராசிரியராக இருந்தவர். சிவில் சர்வீஸ் வேலைக்குப் போட்டித் தேர்வு வந்ததும் அந்தக் கல்லூரிக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. 1858-ல் மூடிவிட்டார்கள். மிச்சமான புத்தகங்களை என்ன செய்வது? இந்தியாவுக்கு அனுப்பி மாகாணங்களுக்குப் பங்கு போட்டார்கள். சென்னையின் பங்கு பாந்தியன் வளாகத்தில் இருந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

பாந்தியன் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திக் களித்த இடம். 1830-ல் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது. 1851-ல் கல்லூரிச் சாலையில் ஆரம்பித்த அருங்காட்சியகம் சில ஆண்டுகளில் இங்கே இடம் மாறியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் சில மிருகங்களையும் இதே வளாகத்தில் வைத்து வளர்த்தார். பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், பின்னால் மூர் மார்க்கெட் பக்கம் போய்விட்ட மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னை ஜனங்கள் அழைத்தார்கள். பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பால்ஃபோருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல். அவர் வேலை கல், எலும்பு, சிலை, நாணயம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது. ஹெய்லிபரி புத்தகங்கள் வந்தபோது ஒரு மூலையில் அடுக்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1860-களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தின் பகுதியாகவே ஒரு சிறு நூலகத்தை ஏற்படுத்தி, படிக்க விரும்புகிறவர்களுக்குத் திறந்துவிட்டார். கன்னிமராவின் வேர் அதுதான். மிட்செல் பெயரை இன்று எத்தனை வாசகர்கள் அறிவார்கள்?

கன்னிமரா பிரபுவின் இயற்பெயர் ராபர்ட் பூர்க். 1827-ல் அயர்லாந்தில் பிறந்தவர், மேயோ பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். 1868 முதல் பதினெட்டு ஆண்டுகள் கிங்ஸ் லின் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். வெளியுறவுத் துறையில் இரண்டு முறை துணை அமைச்சர். துருக்கி அரசுக்குக் கடன் கொடுத்துவிட்டு வசூலாகாமல் தவித்த பிரிட்டிஷ்காரர்களுக்காக கான்ஸ்டான்டிநோபிள் போய்ப் பேரம் பேசியவரும் இவரே.

இந்தியாவுடன் அவருக்கு இருந்த உறவு இரத்தத்தாலும் திருமணத்தாலும் வந்தது. அண்ணன் மேயோ பிரபு இந்தியாவின் வைஸ்ராய். 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானின் போர்ட் பிளேரில் ஷேர் அலி அப்ரிதி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். தம்பி ராபர்ட் மணந்ததோ முன்னாள் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் மகள் சூசனை. அண்ணன் உயிரை விட்ட நாட்டுக்கு, மாமனார் ஆண்ட நாட்டுக்கு, 1886 டிசம்பரில் கவர்னராக வந்தார். அடுத்த ஆண்டு பிரபுப் பட்டம் கிடைத்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கல்லும் சதுப்பும் ஏரியுமாகக் கிடக்கும் கன்னிமரா என்ற பிரதேசத்தின் பெயரைத் தன் பட்டத்துக்குத் தேர்ந்துகொண்டார்.

நான்கு ஆண்டு ஆட்சியில் அவர் ஊர் சுற்றியது அதிகம். அந்தச் சுற்றுப்பயணங்களை அவருடைய அந்தரங்கச் செயலர் ஜே.டி. ரீஸ் ஒரு முழுப் புத்தகமாகவே தொகுத்தார். கஞ்சம் ஜில்லா பஞ்சத்தில் தவித்தபோது நேரில் போய்ப் பார்த்தவர் அவர். 1887 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. பத்ருதீன் தயாப்ஜி தலைவர். வந்திருந்த பிரதிநிதிகளைக் கன்னிமரா அரசாங்க மாளிகைக்கு அழைத்து வரவேற்பு கொடுத்தார். அடுத்த ஆண்டு அலகாபாத்தில் அதே காங்கிரசுக்குப் பந்தல் போட இடம் கிடைக்காதபடி அதிகாரிகள் முட்டுக்கட்டை போட்டதை நினைத்தால், இந்த அழைப்பின் அருமை புரியும். ஆட்சி ஆட்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எதிர்க் குரல் எழுப்ப வந்தவர்களை விருந்தாளியாக நடத்தும் பண்பு அவரிடம் இருந்தது.

குடும்ப வாழ்க்கை சரியாக இல்லை. மனைவி கவர்னர் மாளிகையை விட்டு வெளியேறி ஒரு ஹோட்டலில் தங்கினார் என்றும், பின்னால் கன்னிமரா என்ற பெயரால் பிரபலமான பின்னி சாலை ஹோட்டல்தான் அது என்றும் சென்னையில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, விவகாரம் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1890-ல் விவாகரத்தில் முடிந்தது. கவர்னர் பதவியும் அத்துடன் போயிற்று. 1902-ல் அவர் இறந்தபோது வாரிசு இல்லாததால் பிரபுப் பட்டமும் மறைந்தது. அயர்லாந்தின் கன்னிமராவுக்கு இன்று பிரபு கிடையாது. எழும்பூர் கன்னிமராவுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.

அடிக்கல்லோடு அவர் பங்கு முடிந்தது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அருங்காட்சியகத்தின் ஓர் ஓரத்தில் கிடந்த புத்தகங்களுக்குத் தனி வீடு வேண்டும், அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அரசாங்கத்தின் கையெழுத்து கிடைத்தது அவர் காலத்தில். அந்தக் கையெழுத்து இல்லாமல் கட்டடம் இல்லை.

கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை எழுப்பிவிட்டுச் சென்னைக்கு வந்தவர். உயர் நீதிமன்றத்தை முடித்துக் கொடுத்தவர், பின்னால் மைசூர் அரண்மனையை வடிவமைத்தவர். கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். அந்தக் காலச் சென்னையின் செங்கல் சிவப்புக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றில் அவர் கைப்பட்டிருக்கிறது. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் கண்மூடியது சேத்துப்பட்டில் இந்தச் செட்டியாரின் வீட்டில்தான். கும்பகோணத்தில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது ராமானுஜனின் மூளையைத் தூண்டிவிட்டது கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு. அது அவர் கைக்கு வந்தது ஒரு நூலகப் பிரதியாக. நூலகம் கட்டிய மனிதர், நூலகப் புத்தகத்தால் வளர்ந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் இடம் கொடுத்திருக்கிறார். யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனால் எழுதும்போது மனசு அங்கே நின்றுவிடுகிறது.

பழைய கூடம்

இர்வின் அமைத்த கூடத்தை ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நீண்ட கூடம், அதன் ஒரு முனை அரைவட்டமாக வளைகிறது. இரு பக்கமும் தூண்கள். தூணின் தலையிலும் வளைவுகளின் விளிம்பிலும் சுதையில் இலையும் பூவும் கொடியும். மேலே வளைந்த கூரையில் வண்ணக் கண்ணாடிகள். தூண்களுக்கு இடையே ஆள் உயரத்துக்கு மேல் போகும் தேக்கு அலமாரிகள், அவற்றில் மரவேலை.

அலங்காரம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். மின்விளக்கு பரவாத காலம் அது. மனிதன் உட்கார்ந்து படிக்க வேண்டுமானால் வெளிச்சம் வானத்திலிருந்துதான் வர வேண்டும். சென்னை வெயிலை நேராக உள்ளே விட்டால் கண் கூசும், புத்தகம் வெளுக்கும். அதனால் வெளிச்சத்தை உயரத்திலிருந்து, கண்ணாடியில் வடிகட்டி, மேசைமேல் இறக்கினார்கள். அன்றைய சென்னையில் இப்படி ஒரு கூரைக்குக் கீழே உட்காரும் பாக்கியம் கவர்னர் மாளிகைக்கும் கிளப்புக்கும் போகக்கூடியவர்களுக்கே இருந்தது. ராயபுரத்திலிருந்து நடந்துவந்த ஒரு குமாஸ்தாவின் மகன் இங்கே அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. இந்தக் கட்டடத்தின் பெருமை அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய கூடம் இப்போது அன்றாட வாசிப்புக்கு இல்லை. பழைய நூல்களின் இருப்பிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. வாசகர்கள் 1970-களிலும் 1990-களிலும் சேர்ந்த புதுக் கட்டடங்களில் உட்கார்கிறார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடம் வேண்டியிருந்தது, இடம் கிடைத்தது.

சீர்காழிக்காரர் வந்தார்

நெடுங்காலம் கன்னிமரா அருங்காட்சியகக் கண்காணிப்பாளரின் பொறுப்பிலேயே இருந்தது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிப் பெரும் தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன்தான் நூலகம் திறந்த காலத்துக் கண்காணிப்பாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகமும் பல ஆண்டுகள் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒண்டிக் குடியிருந்தது.

அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924 ஜனவரியில் ஒரு நூலகர் வந்தார். சீர்காழியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், எஸ்.ஆர். ரங்கநாதன். வந்த ஒரு வாரத்திலேயே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பறையில் கலகலவென்று மாணவர்களோடு இருந்தவருக்கு இங்கே பேச ஆள் இல்லை. கல்லூரி முதல்வரிடம் ஓடிப்போய், பழைய வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். முதல்வர், முதலில் லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்றார். லண்டனில் நூலகங்களைக் கண்ட ரங்கநாதன் திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார். படிப்பகத்தில் எழுத்தறிந்த கூலித் தொழிலாளியும் கடைக்காரரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் ஊரைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கணிதத்துக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். இத்தனைக்கும் மேலாக ரங்கநாதன் விடாமல் வாதாடியது ஒரு சட்டத்துக்காக. நூலகம் நல்ல மனசுக்காரர்களின் தர்மத்தில் நடக்கக் கூடாது, தண்ணீர்க் குழாய் போல அது அரசாங்கத்தின் கடமை என்பது அவர் கட்சி. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-ல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் எந்த மாகாணமும் அதற்குமுன் செய்யாத காரியம். சொத்துவரியோடு நூலக வரியும் வசூலித்து நூலகங்களுக்குக் கொடுக்க வழி செய்தது அந்தச் சட்டம். நாம் வீட்டுவரி கட்டும் ரசீதில் இன்றும் அந்த வரி இருக்கிறது. ரூபாய்க்குப் பத்து காசு.

சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஏப்ரல் 1-ல் கன்னிமரா மாநில மைய நூலகம் ஆயிற்று. ஒரு கவர்னரின் பெயரோடு தொடங்கிய வீடு, வரி கட்டும் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் சொந்தமான நாள் அது. 1896 டிசம்பர் 5-ஐவிட இந்த நாளே பெரியது என்று நான் நினைக்கிறேன். இதை யாரும் விழாவாகக் கொண்டாடுவதில்லை.

ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி

1954-ல் நாடாளுமன்றம் நூல்கள் ஒப்படைப்புச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் யார் எந்தப் புத்தகம் அச்சிட்டாலும், வெளியான 30 நாட்களுக்குள் சொந்தச் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், குறிப்பிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று கன்னிமரா. மற்றவை மும்பையிலும் டெல்லியிலும். 1955 செப்டம்பர் முதல் கன்னிமராவுக்கு இந்தப் பொறுப்பு. பின்னர் செய்தித்தாள்களும் பருவ இதழ்களும் சட்டத்துக்குள் வந்தன.

இதன் பலன் என்ன என்பதை ஆய்வு மாணவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு நல்ல நாவல் மறுபதிப்பு கண்டு பிழைத்துக்கொள்ளும். 1962-ல் வெளியான சமையல் குறிப்புப் புத்தகம், ஒரு நாடகக் கம்பெனியின் பாட்டுப் புத்தகம், ஏதோ ஒரு கோயிலின் தல வரலாறு, பஞ்சாங்கம், பத்தாம் வகுப்பு நோட்ஸ், எவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத வார இதழ் ஆகியவற்றை யார் வைத்திருப்பார்கள்? மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதை விலைக்கு வாங்கினார்கள் என்று சொல்பவை அவைதான். இருப்பு ஆறு லட்சத்தைத் தாண்டிய நூலகத்தில், பிரபலமான புத்தகங்களைவிட இந்த அநாமதேயப் புத்தகங்களே எனக்கு அதிக விலை மதிப்புள்ளவையாகப் படுகின்றன.

அவை எவ்வளவு நாள் இருக்கும்? நூறு ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் செய்ய வேண்டியது அதன் அடியில் உள்ளங்கையைக் கொடுப்பது. தாளின் ஓரம் டீத்தூள் நிறத்துக்கு வந்திருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. விரலால் முனையைப் பிடித்துத் திருப்பினால் அப்பளம்போல் முனை மட்டும் கையோடு வந்துவிடும். மடித்த இடம் மடித்த கோட்டிலேயே முறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மரக்கூழ்க் காகிதம் வந்தது. மை பரவாமலிருக்கப் படிகாரம் சேர்த்தார்கள். அதிலிருந்து உண்டாகும் அமிலம் காகிதத்தின் நாரை உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. சூடும் ஈரமும் அந்த அரிப்பை வேகப்படுத்தும், சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. துணிக் கந்தலில் செய்த காகிதத்தில் அச்சான 1820-களின் புத்தகம் திடமாக இருக்க, 1920-களின் புத்தகம் உதிர்ந்துகொண்டிருப்பது இதனால்தான்.

காப்பாற்ற வழி உண்டு. அமிலத்தைப் போக்கலாம், மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டிப் பலப்படுத்தலாம். இரண்டும் ஒவ்வொரு பக்கமாக, கையால், பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. ஸ்கேன் செய்து மின்வடிவில் வைக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று ஊரில் உட்கார்ந்தபடியே பழைய நூல்களைப் படிக்க முடிவது பெரிய வரம். ஆனால் மின்வடிவம் வந்துவிட்டதே என்று மூலத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. எந்த அச்சகம், எந்தக் காகிதம், அட்டையின் பின்பக்கம் என்ன விளம்பரம், யார் கையெழுத்துப் போட்டு யாருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. இதற்குத் தேர்ந்த ஊழியர்கள் வேண்டும், நிரந்தர வேலையில் வேண்டும். நூலக வரி கட்டுகிறவன் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன்.

காலையில் கன்னிமரா திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் இருபதிலிருந்து முப்பது வயதுக்காரர்கள். முதுகுப்பை, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, சிவில் சர்வீஸ். நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் படிக்கிறார்கள். இலக்கியம் படிக்க வேண்டிய இடத்தைத் தேர்வு மையமாக்கிவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஹெய்லிபரி கல்லூரி மூடியது போட்டித் தேர்வு வந்ததால். அந்தப் புத்தகங்களிலிருந்து முளைத்த நூலகத்தில், அதே மாதிரித் தேர்வுக்கு இன்று அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி வந்து படிக்கிறார்கள். தனி அறையும் மின்விசிறியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நாற்காலிதான் படிப்பறை. 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்த பிறகும் இங்கே இடம் தேடுகிறவர்கள் குறையவில்லை.

கன்னிமரா என்ற பெயர் இருக்கட்டும். நூறு ஆண்டுக்கு மேல் தமிழ் வாசகர்கள் புழங்கிப் புழங்கி அதைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது வேறு. உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் மிட்செல், இர்வின், நம்பெருமாள் செட்டியார், ரங்கநாதன், அவினாசிலிங்கம் இவர்கள் என்ன செய்தார்கள் என்று நல்ல தமிழில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும். படித்துக் களைத்த ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது அதைப் படிக்கட்டும்.

இன்னொன்று பதிப்பாளர்களுக்கு. ஒப்படைப்புச் சட்டத்தை மீறினால் அபராதம் ஐம்பது ரூபாய், அதோடு புத்தகத்தின் விலை என்று சட்டம் இயற்றியபோது எழுதினார்கள். அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் பிரதி அனுப்பப் போவதில்லை. பெரிய பதிப்பகங்களுக்கு விஷயம் தெரியும். இன்று திருவண்ணாமலையிலும் நாகர்கோவிலிலும் ஐம்பது, நூறு பிரதி மட்டும் அச்சிட்டு, நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளும் கவிஞர்களும் ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஜனவரிதோறும் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் நுழைவாயில் பக்கம் கன்னிமராவுக்கென்று ஒரு மேசை போடலாம். எழுத்தாளரோ பதிப்பாளரோ பிரதியை நேரில் கொடுத்தால் அங்கேயே பதிவு செய்து ரசீது கொடுத்துவிடலாம். ஒரு மேசை, ஒரு பதிவேடு, இரண்டு ஊழியர்கள் போதும். பொது நூலக இயக்ககமும் பதிப்பாளர் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த காட்சிக்கே தொடங்கிவிடலாம்.